பழகாத இரும்பு

எங்கள் வீட்டுப் பெல்லட் கிரில்லின், அதாவது சிறு மரக்குச்சிகளை எரித்து இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் அடுப்பின், உட்புறத்தை நான் இரண்டு ஆண்டுகள் சுரண்டவே இல்லை. சுரண்டக்கூடாது என்று உறுதியாக நம்பியிருந்தேன். 2022ஆம் ஆண்டு வசந்த காலத்தில், ஹூஸ்டனின் மேற்குப் புறநகரில் உள்ள எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில் அதைப் பொருத்திக்கொண்டிருந்தபோது, வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் அறிவுரை ஒன்று சொன்னார். தட்டுகளைத் துடைத்துக்கொள், உள்ளே படியும் கறுப்பை மட்டும் தொடாதே, அதுதான் இரும்பைக் காப்பாற்றும், இறைச்சிக்கு ருசியையும் தரும் என்றார். நாற்பது ஆண்டுகளாக வார இறுதிகளில் இறைச்சியைப் புகையில் வேகவைத்து வருகிறவர். அவர் வீட்டிலிருந்து எங்களுக்கு வந்த ஒவ்வொரு தட்டும் அவருடைய சொல்லுக்கு வலுச் சேர்த்தது. அவர் சொன்னதில் எனக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை.

சந்தேகம் எழாமல் போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. நான் தூத்துக்குடியில் வளர்ந்தவன். எங்கள் வீட்டு அடுப்படியில் ஓர் இரும்புத் தோசைக்கல் உண்டு; அது என் ஆச்சி காலத்திலிருந்து வருவது. அதற்குச் சோப்பு காட்டினால் அம்மாவுக்குக் கோபம் வரும். பாதியாக நறுக்கிய வெங்காயத்தை நல்லெண்ணெயில் தொட்டுத் தேய்ப்பார். வேலை முடிந்ததும் துணியால் துடைத்துச் சுவரோரம் சாய்த்து வைப்பார். கல் பழகியிருக்கிறது, கல் பழகவில்லை என்ற பேச்சு அன்றாடம் காதில் விழும். கறுப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும் இரும்பு நல்ல இரும்பு என்ற எண்ணம் சிறு வயதிலேயே எனக்குள் ஊறிவிட்டது. டெக்சாஸ் பெரியவரின் சொல் ஏற்கெனவே எனக்குள் இருந்த அந்த நம்பிக்கையோடு எளிதாகப் போய்ச் சேர்ந்துகொண்டது.

இந்த அடுப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோளாறு முழுவதும் அதன் அமைப்பில்தான் இருக்கிறது. மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகள்தாம் பெல்லட். பக்கத்தில் உள்ள பெட்டியிலிருந்து அவற்றை ஒரு திருகுத்தண்டு மெல்ல மெல்ல நகர்த்தி, நடுவில் உள்ள தீக்கிண்ணத்தில் போடுகிறது. மின்சாரத்தால் பழுக்கும் ஒரு கம்பி தீ மூட்டுகிறது. ஒரு விசிறி காற்றூட்டுகிறது. தீக்கிண்ணத்துக்கு மேல் ஒரு தடுப்புத் தகடு, அதற்கு மேல் கொழுப்பு வழிந்தோடச் சரிவாக வைத்த தட்டு, அதற்கும் மேல் இறைச்சி வைக்கும் கம்பித் தட்டு. வழியும் கொழுப்பு ஓர் ஓரக் கால்வாய் வழியாக வெளியே தொங்கும் வாளியில் சொட்டுகிறது. 1980களின் நடுவில், ஆரிகன் மாநிலத்தின் மவுண்ட் ஏஞ்சல் என்ற சிற்றூரில் ஜோ டிரேகர் என்பவர் உருவாக்கிய முறையின் வழிவந்தது இது. 1986இல் அந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். வீட்டைச் சூடாக்கும் உலைத் தொழிலில் இருந்தவர் அவர். இதனால் இந்த அடுப்பைப் பார்க்கும்போதெல்லாம், இறைச்சி வேகவைக்கப் பழக்கப்படுத்திய ஓர் உலை என்றே எனக்குத் தோன்றும். மெல்லிய தகடு, விசிறி, மின்சாரம் ஆகிய மூன்றும் சேர்ந்து இயங்கும் இயந்திரம். அது தோசைக்கல்லுக்கு எவ்வகையிலும் உறவில்லை என்பது எனக்கு உறைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

ஜூலை மாதத்துப் பத்து நாட்கள்

2024 ஜூலை 4, சுதந்திர தினம். முந்தைய இரவே ஒன்பது பவுண்டு பன்றித் தோள்கறிக்கு உப்பு, மிளகு, சீரகம், மிளகாய்ப் பொடி தடவி 225 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்துவிட்டேன். பதினான்கு மணி நேரம் ஆயிற்று. கறி அருமையாக வந்தது. நண்பர் குடும்பங்கள் மூன்று வந்திருந்தன. அடுப்பை அணைத்த இரண்டு மணி நேரத்தில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நல்ல பொருளை நனையவிடக்கூடாது என்ற அக்கறையில், இன்னும் கதகதப்பாக இருந்த அடுப்பின் மேல் உறையை மாட்டி, அடியில் கயிற்றையும் இறுக்கிக் கட்டினேன். கொழுப்புத் தட்டை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே போனேன்.

அந்த நாளை வரவில்லை. ஜூலை 8 திங்கட்கிழமை விடியற்காலையில் பெரில் புயல் டெக்சாஸ் கடற்கரையில் உள்ள மடகோர்டாவுக்கு அருகே கரையைக் கடந்தது. ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போயிற்று. எங்கள் தெருவுக்குச் சனிக்கிழமை இரவுதான் திரும்பி வந்தது. அந்த வாரம் முழுக்க இங்கிருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கதை உண்டு, என்னுடையதைச் சொல்லிப் புதிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. பெல்லட் அடுப்பு மின்சாரம் இல்லாமல் இயங்காது என்பதால் அதை யாரும் நினைக்கக்கூட இல்லை. அது தன் உறைக்குள் இருந்தது.

ஞாயிறு மாலை உறையைக் கழற்றி மூடியைத் திறந்தேன். முதலில் வந்தது வாடை. நாட்பட்ட எண்ணெயும் ஈரத் துணியும் கலந்தது போன்ற ஒரு வாடை. கம்பித் தட்டின் மேலும் கொழுப்புத் தட்டின் ஓரங்களிலும் சாம்பல் பச்சை நிறத்தில் பஞ்சு போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. மூடியின் உட்புறத்தில் நீர் முத்து முத்தாக நின்றது. பெல்லட் பெட்டியின் அடியில் குச்சிகள் ஈரம் குடித்து ஊதி, மறுபடியும் மரத்தூளாகியிருந்தன. அவற்றைத் தோண்டி எடுத்தேன். விட்டிருந்தால் காய்ந்து சிமென்ட் போல இறுகித் திருகுத்தண்டைப் பிடித்திருக்கும். கம்பித் தட்டைக் கழற்றித் தனியே கழுவ வைத்தேன். உள்ளே இருந்த பூஞ்சையை எரித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். புதிய பெல்லட் போட்டு, 450 டிகிரி வைத்து மூடினேன்.

கால் மணி நேரத்துக்குள் புகையின் நிறம் மாறியது. மெல்லிய நீலமாக வந்துகொண்டிருந்தது மஞ்சள் கலந்த சாம்பல் நிறமாகக் கெட்டிப்பட்டது. மூடியில் உள்ள வெப்பமானியின் முள் நான் வைத்த அளவைக் கடந்து, 600ஐயும் கடந்து போயிற்று. மூடியின் விளிம்பில் செம்மஞ்சள் ஒளி தெரிந்தது. கொழுப்புத் தட்டிலும் கால்வாயிலும் இரண்டு ஆண்டுகளாகப் படிந்தது மொத்தமும் பற்றிக்கொண்டது. என் கை தானாகவே மூடியின் பிடியை நோக்கிப் போனது. வேலிக்கு அப்பாலிருந்து பெரியவர் உரக்கக் கத்தினார்: திறக்காதே, மின்கம்பியைப் பிடுங்கு. பிடுங்கினேன். விசிறி நின்றது. மனைவி வாளியில் தண்ணீரோடு கதவருகே வந்துவிட்டாள். வேண்டாம் என்று கையைக் காட்டி நிறுத்தினேன். சூடான எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலே என்ன ஆகும் என்பது அடுப்படி தெரிந்த எவருக்கும் தெரியும். எரியும் கொழுப்பின் மேல் ஒரு வாளித் தண்ணீர் அந்த நெருப்பைத் தூக்கி முகத்தில் வீசியிருக்கும். மூடியைத் திறந்திருந்தால் அது காற்றைக் குடித்து எழுந்திருக்கும். மூடிய பெட்டிக்குள் காற்றுக் குறையக் குறைய நெருப்புத் தணிந்தது. இருபது நிமிடங்கள் நாங்கள் யாரும் பேசவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூடியின் வெளிப்பூச்சு ஓரத்தில் கொப்பளித்துப் போனது, அவ்வளவுதான்.

சுரண்டியபோது தெரிந்தது

முழுதாக ஒரு நாள் ஆறவிட்டேன். சாம்பலுக்குள் கங்கு நெடுநேரம் உயிரோடு கிடக்கும். அவசரப்பட்டு அதை வாக்யூமில் இழுத்தால் அந்த வாக்யூம் பற்றிக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை காலை, சுவருக்குப் பட்டி பார்க்கும் தகடு போன்ற ஒரு பிளாஸ்டிக் சுரண்டியோடு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது நெருப்பு என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலையில் பார்த்த ஒரு காட்சிதான் இத்தனை மாதங்களாக என்னை விடாமல் பிடித்திருக்கிறது.

மூடியின் உட்புறத்தில் கறுப்பு ஏடு ஏடாக உரிந்தது. பெயின்ட் உரிகிறது என்றுதான் முதலில் பதறினேன். கையில் எடுத்துப் பார்த்தபோது அது பெயின்ட் அன்று என்று புரிந்தது. புகையும் கொழுப்பும் அடுக்கடுக்காகக் காய்ந்து கரியான படலம். விரலில் நசுக்கினால் பொடியாயிற்று. தீயின் நேர்ச் சூடு அடிக்கடி பட்ட இடங்களில், அந்தப் படலம் மெல்லியதாக இருந்த இடங்களில், அடியில் இரும்பு கறுத்து வழவழப்பாக, தோசைக்கல்லைப் போலவே இருந்தது. அங்கே துரு ஒரு புள்ளியும் இல்லை. பெரியவர் சொன்னது அந்த இடங்களில் முழு உண்மை. ஆனால் கால்வாயின் மடிப்பிலும், பெட்டியின் அடிப்பகுதியிலும், புகைக்குழாய் பொருந்தும் இடத்திலும் கறுப்பு விரல் கனத்துக்கு இருந்தது. அது காயவில்லை, கரியாகவும் இல்லை. தார் போலப் பிசுபிசுத்தது. அதை வழித்து எடுத்த இடத்திலெல்லாம் அடியில் செங்காவி நிறம். சுரண்டியின் முனையால் அழுத்தினால் தகடு செதில் செதிலாகப் பெயர்ந்தது. எந்தப் படலம் காப்பாற்றும் என்று நான் தொடாமல் விட்டேனோ அது எங்கே கனமாக இருந்ததோ அங்கேதான் துரு ஆழமாகவும் இருந்தது.

நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொழுப்புக்கு அடியில் எப்படித் துருப்பிடிக்கும்? எண்ணெய் தடவினால் துரு வராது என்பதுதானே எல்லோரும் அறிந்தது? கால்வாயில் தேங்கியிருந்த அடிக்கசடைக் கரண்டியால் எடுத்து ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு வைத்தேன். சிறிது நேரத்தில் அது இரண்டாகப் பிரிந்தது. மேலே கொழுப்பு, கீழே கலங்கிய பழுப்பு நீர். இறைச்சியிலிருந்து வழிவது கொழுப்பு மட்டும் இல்லையே. தோள்கறி வேகும்போது எடையில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அதில் பெரும்பகுதி நீர். அந்த நீரில் நான் தடவிய உப்பு கரைந்திருக்கிறது. அந்த உப்புநீர் கொழுப்புக்கு அடியில் மடிப்புகளில் போய்த் தங்குகிறது. மேலே நிற்கும் கொழுப்பு அதை உலரவிடாமல் மூடிக் காக்கிறது. ஒவ்வொரு சமையலிலும் இன்னும் கொஞ்சம் சேர்கிறது. தீக்கிண்ணத்தைச் சுற்றிப் படியும் மரச்சாம்பலும் தன் உப்புகளோடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. என் அடுப்பின் அடியில் நானே ஒரு சிறிய உப்பளம் கட்டி வைத்திருந்தேன்.

தூத்துக்குடிக்காரனுக்கு உப்பும் இரும்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடற்காற்றில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகள் ஆண்டுதோறும் துருப்பிடிக்கும். பொங்கலுக்கு முன் அப்பா உப்புத்தாளோடு உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாகத் தேய்ப்பார். வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்த பிறகுதான் ரெட் ஆக்சைடு டப்பாவைத் திறப்பார். சிறுவனாக நான் பொறுமை இழந்து, மேலேயே பூசிவிட்டால் என்ன என்று கேட்டதற்கு, "துருவுக்குச் சட்டை போட்டா அது சாகாதுல, உள்ள இருந்து திங்கும்" என்றார். அந்தச் சொல்லை நாற்பது வயதுக்கு மேல் ஓர் அமெரிக்கப் பின்முற்றத்தில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன். கொழுப்பும் அந்த மடிப்புகளில் ஒரு சட்டையாகத்தான் இருந்தது.

அன்றிரவு அம்மாவுடன் பேசும்போது படங்களைக் காட்டினேன். தோசைக்கல்லைப் போல இதையும் பழக்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன் என்றேன். "ஏல, கல்ல தெனமும் நல்லாக் காய வைக்கோம். எண்ணெயத் தொடச்சும் எடுக்கோம். நீ இத மாசத்துக்கு ஒருக்கா மூட்டிட்டு, வழிஞ்சத அப்படியே விட்டா எப்படிப் பழகும்?" என்று கேட்டார். நான் புத்தகங்களில் படித்துத் தெரிந்துகொண்டதை எல்லாம் அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். எண்ணெய் இரும்பின் மேல் கெட்டிப் படலமாக மாற வேண்டுமானால் அது மெல்லியதாக இருக்க வேண்டும், நல்ல சூடும் வேண்டும். 225 டிகிரியில் மணிக்கணக்காக வேகும் இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்புக்கு இரண்டும் கிடைப்பதில்லை. விலங்குக் கொழுப்பு, ஆளி விதை எண்ணெயைப் போல எளிதில் இறுகும் தன்மையும் கொண்டதில்லை. அது கொழுப்பாகவே கிடக்கும், பிறகு எரிபொருளாகும்.

உறை

ஒன்று மட்டும் அப்போதும் தீரவில்லை. மூடியின் உட்புறத்தில் நின்ற நீர் எங்கிருந்து வந்தது? உறையில் கிழிசல் இல்லை, தையல் விடவில்லை, புயல் மழை உள்ளே இறங்கிய தடமும் இல்லை. விடை அடுப்பிலேயே இருந்தது. உலர்ந்த மரத்தில் எடைக்கு ஏறத்தாழ 6 விழுக்காடு ஹைட்ரஜன் இருக்கிறது. ஒரு கிலோ உலர்ந்த மரம் முழுதாக எரியும்போது அரைக் கிலோவுக்குச் சற்று மேல் நீராவி உண்டாகிறது. பதினான்கு மணி நேரத்தில் என் அடுப்பு ஏழு கிலோ பெல்லட் தின்றது. அதாவது மூன்றரைக் கிலோவுக்கு மேல் நீர், இறைச்சி விட்ட நீர் தனி. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். மிச்சம் பெட்டிக்குள் நிற்கும். கதகதப்பான பெட்டியை நீர் புகாத உறையால் இறுக்கிக் கட்டினால், அது குளிரும்போது அந்த மிச்சம் தகட்டில்தான் வியர்க்க வேண்டும். அதோடு ஹூஸ்டனின் ஜூலை மாதக் காற்று. இரவில் இங்கே காற்றின் ஈரம் 90 விழுக்காட்டைத் தொடுவது சாதாரணம். அந்தக் காற்றும் உறைக்குள் புகுந்து, வெளியேற வழியில்லாமல் நின்றது. இரும்பு துருப்பிடிக்க 60 விழுக்காட்டை ஒட்டிய ஈரமே போதும். உப்பு இருந்தால் அதற்கும் குறைவாகவே போதும். மழையிலிருந்து காப்பதற்காக நான் மாட்டிய உறை பத்து நாட்கள் அந்த அடுப்பை ஆவியில் வைத்திருந்தது. எனக்கு இதை ஏற்றுக்கொள்வதுதான் மிகவும் கடினமாக இருந்தது, ஏனென்றால் அக்கறையின்மையால் செய்த பிழையைத் திருத்துவது எளிது. நான் உறையை மாட்டியது அக்கறையோடு.

அடுத்த இரண்டு வார இறுதிகள் திருத்துவதிலேயே போயின. பெட்டியின் உட்புறத்தை நீர் ஊற்றிக் கழுவவில்லை; மின்கம்பிகளும் திருகுத்தண்டும் உள்ள பொருளுக்கு அது ஆகாது. கழற்ற முடிந்தவற்றை மட்டும் வெந்நீரும் பாத்திரச் சோப்பும் கொண்டு கழுவி, வெயிலில் காயவைத்தேன். அடுப்பு சுத்தம் செய்யும் காரமான நுரையைப் பலர் பரிந்துரைப்பார்கள். அது பூச்சையும் அலுமினியத்தையும் அரிக்கும் என்பதால் தொடவில்லை. கம்பித் தூரிகையையும் விட்டுவிட்டேன். அதன் முடி ஒடிந்து தட்டில் ஒட்டி, உணவோடு தொண்டைக்குள் போய் அறுவை சிகிச்சை வரை போனவர்கள் உண்டு. துருப்பிடித்த இடங்களை அப்பாவின் முறைப்படி, 80ஆம் எண் உப்புத்தாளால் தொடங்கி 120இல் முடித்து, வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். வெளிப்புறத்துக்கு அதிக வெப்பம் தாங்கும் பெயின்டை மூன்று மெல்லிய கோட்டாக அடித்தேன். உட்புறத்துக்குப் பெயின்ட் கூடாது. அங்கே எண்ணெயைத் துணியில் தொட்டு, தடவியதே தெரியாத அளவுக்குத் தேய்த்து, மூடி ஒரு மணி நேரம் சூடேற்றினேன். இரண்டாம் முறை, மூன்றாம் முறை. மூன்றாம் முறைக்குப் பின் அந்தக் கறுப்பு வந்தது. தீக்கிண்ணம் மட்டும் தப்பவில்லை. அதன் அடி சல்லடையாகியிருந்தது. புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன்.

வெப்பநிலையை அளக்கும் சிறு குச்சியையும் துடைக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதன் மேல் கரி படிந்தால் அது சூட்டை மெதுவாகவும் தவறாகவும் உணரும். திருகுத்தண்டு அதை நம்பித்தான் பெல்லட் தள்ளுகிறது. நெருப்புப் பற்றிய நாளுக்கு முன் பல மாதங்களாக வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

வேலை முடிந்த பிறகு பெரியவரைத் தேடிப் போனேன். குறை சொல்லப் போகவில்லை. அன்று அவர் கத்தியிராவிட்டால் என் முகத்தின் கதி வேறாகியிருக்கும். அவருடைய அடுப்பைத் திறந்து காட்டச் சொன்னேன். கால் அங்குலக் கனமுள்ள எஃகுக் குழாயை வெட்டிச் செய்தது; தீ எரியும் அறை பக்கத்தில் தனியே இருக்கிறது, விசிறி கிடையாது, மின்சாரம் கிடையாது. உள்ளே முழுவதும் தோசைக்கல்லின் கறுப்பு. வாராவாரம் ஓக் கட்டைகளை மூட்டுகிறார். ஒவ்வொரு முறையும் இறைச்சியை எடுத்த பிறகு தீயை ஏற்றி ஒரு மணி நேரம் வெறுமனே எரியவிடுகிறார். சூடாக இருக்கும்போதே அடியில் தேங்கிய கொழுப்பைச் சுரண்டித் திறப்பின் வழியாக வெளியேற்றிவிடுகிறார். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அதெல்லாம் சமையலின் பகுதிதானே, சுத்தம் செய்வது என்று அதை நான் நினைத்ததே இல்லை என்றார். அவருடைய கை நாற்பது ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்த ஒன்று அவருடைய வாயில் வரவில்லை. அம்மாவும் கல்லைத் துடைப்பதைச் சுத்தம் செய்வது என்று சொன்னதில்லை. கழுவாதே என்ற சொல்லை மட்டும் நான் இரு இடங்களிலிருந்தும் எடுத்துக்கொண்டேன். கழுவாமல் இருப்பதற்காக அவர்கள் செய்துவந்ததைப் பார்க்கவில்லை.

இப்போது ஒவ்வொரு சமையலுக்குப் பின்னும் 350 டிகிரியில் அரை மணி நேரம் வெறுமனே ஓடவிடுகிறேன், கொழுப்புத் தட்டு சுத்தமாக இருந்தால் மட்டுமே. தட்டின் மேல் அலுமினியத் தாள் விரிக்கிறேன். அதன் ஓரம் மடங்கிக் கால்வாயை அடைத்துவிடாமல் பார்க்க வேண்டும். வாளியின் கொழுப்பு உறைந்ததும் தாளோடு எடுத்துக் குப்பையில் போடுகிறேன், சாக்கடையில் ஊற்றுவதில்லை. மறுநாள் கால்வாயின் மடிப்புகளை மரக்குச்சியில் துணி சுற்றித் துடைக்கிறேன். உறை அதுவரை கொட்டகைக்குள் ஆணியில் தொங்கும். மாட்டும்போதும் அடிக்கயிற்றை இறுக்குவதில்லை. மழை இல்லாத வாரங்களில் ஒரு முறையாவது கழற்றி மூடியைத் திறந்து வைக்கிறேன். பெல்லட்டைப் பெட்டியில் விட்டுவைக்காமல் மூடியுள்ள வாளிக்கு மாற்றிவிடுகிறேன்.

புகைக்குழாயின் அடியில் இரண்டு போல்ட்டுகள் மட்டும் இன்னும் கழலவில்லை. துருவில் இறுகிவிட்டன, மூன்று முறை எண்ணெய் விட்டுப் பார்த்தாயிற்று. அவற்றைச் சுற்றி ஒரு காவி வளையம் மறுபடியும் தெரிய ஆரம்பித்திருக்கிறது. வரும் சனிக்கிழமை பெரியவர் தன் துளையிடும் இயந்திரத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவற்றைத் துளைத்து எடுத்துவிட்டு, துருப்பிடிக்காத எஃகில் புதியன போட வேண்டும்.